கூட வந்தவர்

கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள் என்று சொன்னதும் கேட்கிறவர்கள் தங்கள் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஊசி எனக்கு, பொத்திக்கொள்வது இவர்களா? அதோடு விட்டாலும் பரவாயில்லை. "இந்த வயசுல எதுக்குங்க இந்தக் கொடுமையெல்லாம்?" என்று ஒரு கேள்வி வேறு. இந்த வயதில் கண் தெரியக்கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா என்ன?

என் பெயர் சிவனம்மாள். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. கொய்யாத் தோட்டங்களைக் குத்தகைக்குப் பிடித்துக் காய் விற்பது தொழில். மரம் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இது எவ்வளவு காய்க்கும் என்று கண்ணாலேயே மதிப்புப் போட்டு, தோட்டக்காரரிடம் பேசி முடித்துவிட வேண்டும். மதிப்புத் தப்பினால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இதில் இறங்கியபோது, பொம்பளை என்ன மதிப்புப் போடப்போகிறாள் என்று சிரித்தார்கள். பிறகு அவர்களே என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டம் காட்டினார்கள்.

வலது கண் போய்விட்டது. வயதானால் மங்கத்தான் செய்யும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததில் போனது அது. அப்புறம் ஒருநாள் காலையில் வாசல் நிலை எனக்கு நடுவில் நெளிந்து தெரிந்தது. தச்சன் செய்த நிலை ராத்திரியில் வளையுமா? இடது கண்ணும் கிளம்பிவிட்டது என்று புரிந்தது. திண்டுக்கல்லில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயதால் விழித்திரையின் நடுப்பகுதி கெடுகிற நோய் என்றார்கள். அங்கே வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். கசிவை அடக்க மாதம் ஒரு ஊசி. குணமாகாது, ஆனால் இருக்கிற பார்வை தங்கும். தங்கினால் போதும் என்றேன்.

இப்போது எனக்கு ஓரமெல்லாம் தெரியும், நடுவில்தான் ஒரு அழுக்கு. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் உங்கள் காதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முகம் ஓரத்தில் வந்து நிற்கும். மரமும் அப்படித்தான். கிளைக்குப் பக்கத்து ஆகாயத்தைப் பார்த்தால் கிளையில் இருக்கிற பிஞ்சு தெரியும். இந்த வித்தையை வைத்துக்கொண்டுதான் போன பட்டத்தில் தோட்டம் பிடித்தேன். சிவனம்மாளுக்குத் திமிர் ஏறிவிட்டது, முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று ஊரில் பேச்சு. பேசட்டும். கண் தெரியவில்லை என்று பேசுவதற்கு அது எவ்வளவோ மேல்.

என் மகன் பாண்டியராஜ் உரக்கடை வைத்திருக்கிறான். ஒரே பிள்ளை. கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். மாதாமாதம் கடையை அடைத்துவிட்டு என்னைக் காரில் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போவான். செலவு என் சம்பாத்தியம், அந்தப் பேச்சே இல்லை. அவனுக்கு முடியாமல் போனது அலைச்சல்தான்.

டாக்டர் சத்யபிரியா நல்ல கைராசிக்காரர். ஆனால் ஸ்கேன் படம் கம்ப்யூட்டரில் வந்ததும் என் மகனிடம்தான் பேசுவார். "அம்மாவுக்கு இங்க இன்னும் கொஞ்சம் நீர் இருக்கு பாருங்க" என்று அவனுக்குக் காட்டுவார். அவன் தலையாட்டுவான். நான் பக்கத்தில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் அவன் தலையாட்டுவதோடு நிற்கவில்லை.

"டாக்டர், ஸ்டீராய்டு ஊசின்னு ஒண்ணு இருக்காமுங்களே. ஒட்டன்சத்திரத்துல எங்க மாமா சுருளிவேல்னு, அவருக்குக் கண்ணுல போட்டாங்க. ஒருக்கா போட்டதுக்கு நாலஞ்சு மாசம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலீங்க. அம்மாவுக்கும் அதையே போட்டு விட்டுருங்க."

"அவருக்கு சுகர் இருக்கா?"

"இருக்குங்க, ரொம்ப வருசமா."

"அதுதான் விஷயம். சுகரால விழித்திரை வீங்கியிருந்தா ஸ்டீராய்டு கேக்கும். அம்மாவுக்கு வந்திருக்கிறது வேற. இதுல ரத்தக்குழாய் வளர்றதைத் தடுக்கிற மருந்துதான் முக்கியம், அதைத்தான் போடறோம். ஸ்டீராய்டை மட்டும் நம்பி இதை நிறுத்த முடியும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறலாம். அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் எல்லையோரத்துலதான் நிக்குது."

"அப்படின்னா ரெண்டையும் ஒண்ணாக் கலந்து போட்டுருங்களேன். ஒரு அலைச்சலோட போயிரும்."

அவன் அதைச் சொன்ன குரல் எனக்குத் தெரியும். கடையில் தினமும் கேட்கிற குரல். பூச்சி மருந்தையும் டானிக்கையும் ஒரே டேங்க்கில் கலந்து அடித்துவிடுங்கள், ஒருநாள் கூலி மிச்சம் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சில சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம் பிஞ்சு மொத்தமும் கருகிக் கீழே கிடக்கும். அப்படிக் கருகிய ஒரு தோட்டத்துக்கு இவனே போய் நின்று, வெயில் ஜாஸ்திங்க என்று சொல்லிவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"கண்ணு டேங்க்கு இல்லடா" என்றேன்.

"அம்மா, செத்த நேரம் சும்மா இரு."

டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, "வழக்கமான ஊசியே போதும்னு நான் நினைக்கிறேன். அடுத்த மாசத்துக்கு வீட்ல பேசிட்டு வாங்க சார்" என்றார். சாரிடம்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் நல்ல சண்டை. மாதாமாதம் கடையை அடைக்க முடியவில்லை என்றான். உர லாரி வருகிற நாளாகப் பார்த்து என் தேதி வருகிறது என்றான். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

"இருக்கறது ஒத்தக் கண்ணு. அதுலயும் ஊசியப் போட்டுக்கிட்டுப் பஸ்ல வருவியா? ஊருக்குள்ள என்னைய என்னன்னு பேசுவாங்க?"

"உன்னைய என்ன பேசுவாங்கங்கறதுதான் உனக்குக் கவலை."

"தோட்டம் புடிச்சதெல்லாம் போதும்மா. வீட்ல இரு. வேற ஊர்ல ஒரு டாக்டர் ஸ்டீராய்டு போடறேன்னுட்டாரு. அடுத்த மாச ஊசிக்கு வெள்ளிக்கிழமைதானே தேதி? அன்னிக்கு அங்க போறோம். நான் பேசிட்டேன்."

நான் பேசிட்டேன். அந்த வார்த்தைதான் என்னை எரித்தது. எந்தத் தோட்டத்துக்கும் நான் போய் நின்று பார்க்காமல் விலை பேசியதில்லை. என் கண்ணுக்கு இவன் என்னைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டான். இந்தக் கண்ணும் போனால் எனக்குத் தோட்டம் இல்லை, முகங்கள் இல்லை, சோற்றில் கிடக்கிற கல் எது என்று தெரியாது. நான் பதிலே சொல்லவில்லை. பாண்டியராஜ் நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். என்னோடு இத்தனை வருடம் இருந்தும் அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் குளிக்கப் போனதும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸின் போர்டு எனக்குத் தெரியாது. கண்டக்டரிடம் "திண்டுக்கல் போகுமுங்களா?" என்று அவர் தோளைப் பார்த்துக் கேட்டேன். "என்னையப் பாத்துக் கேளுங்கம்மா, நான் இங்கிட்டு நிக்கறேன்" என்றார். "உங்களைத்தான் பாக்கறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, இடம் மட்டும் பிடித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து, பிரஷர், ஸ்கேன் எல்லாம் ஆனது. ஊசி அறைக்கு வெளியே கீர்த்தனா என்கிற நர்ஸ் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் வரல கண்ணு."

"அட்டெண்டர் இல்லாம ஊசி போட மாட்டோமே. போட்டு முடிச்சதும் கண்ணை மூடிக் கட்டிருவோம். உங்களுக்கு அடுத்த கண்ணும் தெரியாது. எப்படி வீட்டுக்குப் போவீங்க? கையெழுத்துப் போடவும் ஆள் வேணும். பையனை வரச் சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது. வாதாட ஒன்றும் இல்லாமல், அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி அங்கிருந்த நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தேன்.

"எனக்கு அட்டெண்டர் கெடைக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன். நீ உன் வேலையைப் பாரு."

பக்கத்து நாற்காலியில் ஒருவர் சிரித்தார். காதைப் பார்த்தேன்; எழுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை போட்ட கயிறு.

"என்னையவும் இப்பத்தேன் தாயி இப்படிச் சொல்லி நிறுத்திட்டாக. கூட வாரேன்னு சொன்ன பயலைக் காணோம். திங்கக்கிழமை ஆளோட வாங்கன்னுட்டாக" என்றார். ஆத்தூர்க்காரர், பெயர் அருளப்பன், தென்னந்தோப்பு இருக்கிறது. மகன் திருப்பூரில். அவருக்கு வலது கண்ணில் இதே நோய்.

"இடது கண்ணு உங்களுக்கு எப்படிங்க?"

"அதுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தச் செவுத்துல எழுதியிருக்கறதை வாசிக்கவா?"

"இன்னைக்கு உங்களுக்கு ஊசி கெடையாது. கண்ணுல சொட்டு மருந்தும் விடல?"

"விடல."

"அப்ப எந்திரிங்க. நீங்கதான் எனக்கு அட்டெண்டர். திங்கக்கிழமை உங்களுக்கு நான் வாரேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது.

கீர்த்தனா தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு விழித்தாள். "இவரு உங்களுக்கு என்ன உறவும்மா? அண்ணனா?"

"அண்ணன்னு எழுதுனாப் பொய்யாப் போகுமே" என்றார் அருளப்பன், உண்மையான கவலையோடு. என் நெற்றியில் திருநீறு, அவர் கழுத்தில் சிலுவை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். தாலியில்லாத கழுத்தும் முன்பின் தெரியாத ஆம்பளையும் என்று இரண்டு பேராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.

"கூட வந்தவர்னு எழுது கண்ணு. நீ கேட்டது அதுதானே?"

அவள் உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து அப்படியே எழுதினாள். அருளப்பன் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

ஊசி அறை எப்போதும் குளிராக இருக்கும். கண்ணைச் சுற்றி மஞ்சளாக ஒரு மருந்தைத் தடவி, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பி வைப்பார்கள். கண் மரத்துத்தான் இருக்கும், ஆனால் மனசு மரக்காதே. ஒவ்வொரு தடவையும் பயப்படுகிறேன், அன்றைக்கும் பயந்தேன். வெளியே என் மகன் இல்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

"பையன் வரலியா இன்னைக்கு?" என்றார் டாக்டர்.

"அவன் என்னைய ஸ்டீராய்டு போட வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கறான். எனக்கு வேண்டாம். இதை நான் உங்ககிட்ட என் வாயால சொல்லணும்னுதான் வந்தேன். இத்தன மாசத்துல நீங்க என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க டாக்டர்."

"தப்புதாம்மா" என்றார் அவர். "மேல பாருங்க." ஒரு அழுத்தம். கண்ணுக்குள் கருப்பாகச் சில குமிழிகள் மிதந்து போயின. முடிந்தது.

கண்ணைக் கட்டி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். என் பையின் ஒரு காதை அருளப்பன் பிடித்துக்கொண்டார், மறு காதை நான். கையைப் பிடிக்க இரண்டு பேருக்கும் கூச்சம். அப்படியே ஆட்டோ, அப்படியே பஸ் ஸ்டாண்ட். பழனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்து, கண்டக்டரிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு, பஸ் நகர்கிற வரை ஜன்னலுக்கு வெளியே நின்றார். "திங்கக்கிழமை மறந்துறாத தாயி" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

கண்டக்டரிடம் போனைக் கொடுத்துப் போடச் சொல்லி, பாண்டியராஜை ஸ்டாப்புக்கு வரச் சொன்னேன். வந்தான். வீட்டுக்குள் போனதும் வெடித்தான்.

"யாரு கையெழுத்துப் போட்டது?"

"அருளப்பன். ஆத்தூரு."

"யாரும்மா அது?"

"என் அட்டெண்டர்."

"பெத்த பையன் நான் ஒருத்தன் இருக்கையில யாரோ ஒருத்தரு கையெழுத்துப் போட்டாரா? ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். சிரிக்கறவங்க பல்லு எனக்கு ஓரத்துல நல்லாத் தெரியுது."

அவன் கதவை அறைந்துவிட்டுக் கடைக்குப் போனான். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை மட்டும் கையில் கொண்டுவந்து கொடுத்தான். ரசத்தில் உப்பு ஜாஸ்தி. கேட்காமல் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நான் கிளம்பி நின்றபோது வழியை மறித்தான். "இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல உனக்கு?"

"எனக்கில்லடா. அவருக்கு. சொல்லிட்டு வந்திருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கார்ச் சாவியை எடுத்து வந்தான். ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஸ்டீராய்டு டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றான்.

"நான் எப்பவோ சொல்லியாச்சு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அருளப்பன் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். வருவேனா மாட்டேனா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். கீர்த்தனா தாளை நீட்டி, "நீங்க அட்டெண்டரா? கடவுளே" என்றாள். உறவு என்ற இடத்தில் அவளே எழுதிக்கொண்டாள், கேட்கவில்லை.

ஸ்கேன் முடிந்து டாக்டர் கூப்பிட்டார். நான்கு பேரும் சின்ன அறைக்குள். டாக்டர் வழக்கம்போல நிற்கிற ஆம்பளையிடம் ஆரம்பித்தார். "சார், இவருக்கு என்னன்னா..."

"நான் வண்டி ஓட்டிட்டு வந்தவனுங்க" என்றான் பாண்டியராஜ். "அட்டெண்டர் அவங்க."

"ஓ, சரி." டாக்டர் என்னிடம் வந்தார். "அம்மா, இவருக்கு இவ்வளவு ஊசி போட்டும் நீர் முழுசா வத்தல. வழக்கமான ஊசியோட ஸ்டீராய்டையும் சேத்துப் போட்டுப் பாக்கலாமான்னு ஒரு யோசனை. ஸ்டீராய்டால கண்ல புரை வரலாம், ஆனா இவருக்குப் புரை ஏற்கெனவே எடுத்தாச்சு, பிரஷரும் நார்மலா இருக்கு. அதனால உங்க அளவுக்குப் பயம் இல்ல. ஆனா பலன் இருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது, பிரஷர் ஏறினாச் சொட்டு மருந்து போட வேண்டியிருக்கும். என்ன பண்ணலாம்?"

ஸ்டீராய்டு என்ற வார்த்தை வந்ததும் பாண்டியராஜ் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். அருளப்பனும் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும் தாயி."

வேண்டாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மகன் முன்னால், டாக்டர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த ஊசியோடு சண்டை போட்டு ஜெயித்தவள் நான். என்னை நம்பி ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தைதான்.

நான் அருளப்பனின் காதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றிய பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால், பாதி என் மேல்தான்.

"என்கிட்ட ஏனுங்க கேக்கறீங்க?" என்றேன். "கண்ணு அவருது. அவருகிட்டக் கேளுங்க."

டாக்டர் அருளப்பனைப் பார்த்தார். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார், பாண்டியராஜைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அப்படின்னா டாக்டரம்மா, என் கண்ணுக்குள்ள என்னதேன் நடக்குது? மொதல்லருந்து சொல்லுங்க. இம்புட்டு நாளா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."